எங்க மாட்ட வித்துட்டாங்க

ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல், தோளில் தொய்யில் எழுதுதல் என்றெல்லாம் பழந்தமிழ் வழங்கியதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வரைவதற்கும் எழுதுவதற்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்த காலம் அது. வகுப்பில் இதனை ஒரு சொற்பொருள் குறிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத்தாளையும் க்ரேயான் துண்டையும் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து பார்த்தால் அந்தப் பழைய வழக்கு இன்னும் சாகவில்லை என்பது தெரியும். தாள் முழுக்கச் சுழியும் கோடுமாக இழுத்துவிட்டு, "எழுதிட்டேன், படிங்க" என்று நீட்டும். அது படமா, எழுத்தா என்று கேட்டால் கேட்டவரைத்தான் விசித்திரமாகப் பார்க்கும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் பிற்பகலில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பத்துப் பதினைந்து குழந்தைகளோடு உட்கார்ந்து வருகிறோம். 'நாங்கள்' என்பது கல்லூரித் தமிழ் ஆசிரியர் இருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வங்கியில் பணிபுரியும் தீவிர வாசகர் ஒருவர். இது தனிப்பயிற்சி வகுப்பன்று. கட்டணமோ தேர்வோ கிடையாது, சுண்டல் உண்டு.

இதைத் தொடங்கியதற்குக் காரணம் குழந்தைகள் அல்லர். கல்லூரிக்கு வரும் பதினெட்டு வயதினர். முதலாண்டு மாணவர்களிடம், "இன்று காலை பேருந்தில் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அறுபது தாள்களில் ஐம்பதாவது முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரிந்திருக்கும். முன்னுரையில் 'இன்றைய நவீன உலகில் போக்குவரத்தின் பங்கு இன்றியமையாதது' என்று வரும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவனின் தாளிலும் படிக்கட்டு இருக்காது. இவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். பிழை குறைவாகவே எழுதுகிறார்கள். தாங்கள் கண்டதும் கேட்டதும் எழுத்துக்குரிய பொருள் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் இதைச் சொல்லித் திருத்துவது ஏறக்குறைய இயலாது என்பது எங்கள் அனுபவம். எனவே கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முன்னால் போனால் முதலில் எதிர்ப்படுவது அரிச்சுவடி. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று; ஆக 247. இத்தனையையும் முடித்த பிறகுதான் சொல், சொல் முடிந்த பிறகுதான் வாக்கியம், அதன்பின் கட்டுரை, 'சொந்தமாக' எழுதுவது அதற்கும் பிறகு என்பதுதான் நாம் வழிவழியாகப் பழகிய படிவரிசை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். உ.வே.சா. தம் 'என் சரித்திர'த்தில் அப்பள்ளிகளின் நடைமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் இலண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். மணல் மலிவு என்பதே அவருக்குப் பெரிதாகப்பட்டது. எங்களுக்கு வேறொன்று பெரிதாகப்படுகிறது. மணலில் சிவப்பு மையால் சுழிக்க முடியாது. தவறு கையால் துடைத்தவுடன் போய்விடும். (பிரம்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

அர்ஜென்டினாவில் பிறந்தவரும் ஜெனீவாவில் பியாஜேயிடம் ஆய்வு செய்தவருமான எமிலியா ஃபெரெய்ரோ, அனா டெபரோஸ்கியுடன் சேர்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிக்கு வருமுன்பே குழந்தை எழுத்தைப் பற்றித் தனக்கென்று கொள்கைகள் வைத்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. பெரிய பொருளின் பெயர் நீளமாகத்தான் எழுதப்படும் என்பது அக்கொள்கைகளுள் ஒன்று. நாங்கள் 'யானை', 'எறும்பு' என்ற இரு சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி, இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகளிடம் எது யானை என்று கேட்டோம். ஒருவர் தவறாமல் எறும்பைக் காட்டினார்கள். நாலெழுத்து எறும்பு, ஈரெழுத்து யானை. தமிழ் இவ்விஷயத்தில் குழந்தையை நன்றாகவே ஏமாற்றுகிறது. உண்மையைச் சொன்னதும் ஒரு சிறுவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப யானைய பெருசா எழுதுங்க" என்றான். எழுதினோம். அட்டை நிறைய 'யானை'. அவனுக்கு ஒருவாறு சமாதானம்.

பிள்ளைகளின் 'பிழை'களைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய பிறகு, மொழியியல் படித்த காலத்தில் நெட்டுருப் போட்டவையெல்லாம் கண்ணெதிரே உயிர் பெற்று நின்றன. ஆறு வயதுக் குழந்தை 'இலை'யை 'எல' என்றும், 'குடை'யை 'கொட' என்றும், 'உடம்பை' 'ஒடம்பு' என்றும் எழுதுகிறது. கவனக்குறைவால் வருவதன்று இது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருகையில் முதலசை இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்குவது பேச்சுத்தமிழின் ஒழுங்கு. அதை யாரும் கற்பிக்காமலே அக்குழந்தையின் காது பிடித்திருக்கிறது. பிடித்ததைக் கை எழுதியிருக்கிறது. ஆங்கிலம் பேசும் சிறுவர்கள் தாமாகவே புனைந்துகொள்ளும் எழுத்துக்கூட்டலை ஆராய்ந்த சார்ல்ஸ் ரீட் 1971இல் சொன்னதும் ஏறத்தாழ இதுவே: அந்தப் பிழைகளுக்குள் ஓர் ஒலியியல் ஒழுங்கு இருக்கிறது. குழந்தை தாறுமாறாக எழுதுவதில்லை.

நம் எழுத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. 'கெ' என்பதில் முதலில் கேட்பது ககர ஒலி. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. 'கொ'வில் ககரத்தை இருபுறமும் குறிகள் சூழ்ந்துகொள்கின்றன. செவிக்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை. 1978இல் லை, ணை, றா போன்ற வடிவங்கள் சீர்திருத்தப்பட்டபோதும் இது அப்படியே இருந்துவிட்டது. கொம்பைப் பின்னால் போட்டு எழுதும் பிள்ளையைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை. கேட்ட வரிசையில்தானே எழுதியிருக்கிறது!

இவ்வளவும் பீடிகை. சொல்ல வந்தது ஒரு சிறுமியைப் பற்றி.

இரண்டாம் வகுப்புப் படிப்பவள். எங்கள் அறைக்கு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் எதுவும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்து எழுதியது இது: 'எங்க மாட்ட வித்துட்டாங்க. ஆத்தா அழுவுது. கயிரு மட்டும் இருக்கு. நா தொட்டு பாத்தேன்.' நான்கு வரி. எங்களுள் ஒருவர் சத்தமாகப் படித்தார். பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரியில் அந்தக் குழந்தை எதைத் தொட்டது என்று சொல்லவில்லை, சொல்லாமலே தெரிகிறது. எங்கள் முதுகலை மாணவர்களுக்கு இறைச்சியும் உள்ளுறையும் விளக்க இதைவிட எளிய சான்று எங்களிடம் இல்லை.

நாங்கள் பாராட்டியதில் உற்சாகமடைந்து, அவள் அதைப் பள்ளிக் கட்டுரை நோட்டிலும் எழுதிக் காட்டியிருக்கிறாள். மறுவாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். 'மாட்ட' அடிக்கப்பட்டு 'மாட்டை'. 'வித்துட்டாங்க' அடிக்கப்பட்டு 'விற்றுவிட்டார்கள்'. 'அழுவுது', 'அழுகிறார்' ஆகியிருந்தது. 'ஆத்தா' என்பதைச் சுழித்துப் 'பாட்டி' என்று எழுதியிருந்தது. கீழே 'பிழைகளைத் திருத்தி ஐந்து முறை எழுதுக'. உண்மையில் அந்த நான்கு வரிகளில் எழுத்துப்பிழை என்று சொல்லத்தக்கது 'கயிரு' ஒன்றுதான். மற்றவையெல்லாம் அவள் வீட்டுத் தமிழ்.

அந்த ஆசிரியரை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. நாற்பதுக்கு மேற்பட்ட நோட்டுகளை ஓர் இடைவேளையில் திருத்துபவர் அவர். தேர்வில் 'வித்துட்டாங்க' என்று எழுதினால் மதிப்பெண் போகும் என்ற உண்மையான அக்கறையில் செய்திருக்கிறார். ஆனால் அதன் பிறகு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் அவள் எழுதியது: 'பசு ஒரு வீட்டு விலங்கு. பசு பால் தரும்.' அதற்கடுத்த வாரம்: 'இது பூ. பூ அழகு.' ஒரு பிழை இல்லை. கயிற்றைப் பற்றி இன்னும் எழுதேன் என்று கேட்டபோது, "அது தப்பு சார்" என்றாள். எது தப்பு என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆத்தா அழுததா, மாடு விற்றதா, எல்லாமேயா.

பேருந்துப் படிக்கட்டு எந்த வயதில் காணாமற்போகிறது என்பதற்கு எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஏழு.

எங்களுக்குள் இதனால் பெரிய சண்டையே வந்தது. தலைமையாசிரியர் நண்பர், "பிழையை அன்றைக்கே திருத்தாவிட்டால் அது கையில் ஊறிவிடும், பிறகு உங்கள் கல்லூரிக்குத்தான் வந்து சேரும்" என்கிறார். லகர, ளகர, ழகரங்களைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அங்கும் வேறுவழி உண்டென்று பார்த்தோம். ஒரு சிறுவன் 'நான் பல்லிக்கு போனேன்' என்று எழுதியிருந்தான். அதை அப்படியே படித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். தானே 'ள்ளி' என்று மாற்றினான். தான் நினைத்தது கேட்பவருக்குப் போய்ச் சேரவில்லை என்று கண்டால் குழந்தையே திருத்திக்கொள்கிறது. 'ஆத்தா' என்ற சொல்லோ போய்ச் சேர வேண்டிய இடத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே திருத்த என்ன இருக்கிறது?

இரட்டை வழக்குள்ள மொழியில் எழுத்தறிவு என்பது ஏறக்குறைய இன்னொரு மொழியைக் கற்பதுதான். அதைக் கற்பிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழாசிரியர்கள் எப்படிச் சொல்வோம்? எது முதலில் என்பதே கேள்வி. நியூசிலாந்தின் மவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், அச்சிட்ட பாடநூலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், முத்தம் போன்றவை அவர்கள் கேட்ட சொற்கள். அச்சமும் அன்பும் நிறைந்த அச்சொற்களை ஒரே பார்வையில் நினைவில் இருத்திக்கொண்டார்கள். 1963இல் வந்த அவருடைய நூலைப் படித்துவிட்டு நாங்களும் கேட்டோம். பாம்பு, ஊசி, அப்பத்தா, புரோட்டா என்று வந்தன. ஒரு பையனுக்கு ஜேசிபிதான் வேண்டுமாம். அரிச்சுவடி வரிசைப்படி அவன் ஜகரத்துக்கு வந்துசேர எத்தனை மாதமாகுமோ. அன்று மாலைக்குள் 'ஜே'யைச் சுவரெல்லாம் எழுதிவிட்டான் என்று அவனுடைய அம்மா வந்து முறையிட்டார்.

இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரோடாரியிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஆரம்பப்பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். 1970இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஆசிரியர்களுடன் 1972இல் நடத்திய உரையாடல்களிலிருந்து பிறந்து மறுவருடம் வெளிவந்த அவருடைய நூலில், தொடர்பேயில்லாத இரண்டு சொற்களை மோதவிட்டுக் கதை பிறப்பிக்கும் உத்தி ஒன்று சொல்லப்படுகிறது. 'நாய்', 'அலமாரி' என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. நாங்கள் 'தவளை', 'இஸ்திரிப்பெட்டி' என்றோம். ஆறு வயதுப் பெண் சொன்னாள்: "தவளைக்கு கல்யாணம். தோலு சுருக்கமா இருக்குன்னு இஸ்திரிக்காரரு வண்டிக்குப் போச்சு. பெட்டி சூடுன்னு தெரியாம மேல உக்காந்துருச்சு. அதான் இன்னும் குதிச்சுக்கிட்டே இருக்கு." எங்கும் படித்துச் சொன்னதில்லை இது. நாட்டார் கதைகளை வகைப்படுத்துவோர் இதைக் காரணக் கதை என்பார்கள். அழைத்துப்போக வந்திருந்த தந்தையார், "இதுல என்ன நீதி சார்?" என்று கேட்டார். சூடான பெட்டி மேல் உட்காரக் கூடாது என்றோம்.

நீதி கேட்கும் பழக்கம் அவர் ஒருவருடையதன்று. குழந்தைக்காக எழுதுவதில் நமக்குப் பெரிய மரபு இருக்கிறது. ஔவையின் ஆத்திசூடி முதல், 1947 சூலையில் தொடங்கிய அம்புலிமாமா, 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் வரை பெருமைப்பட நிறைய உண்டு. குழந்தை எழுதியதைப் பேணும் மரபோ மிகமிக மெலிது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் செங்கீரை ஆடி, சப்பாணி கொட்டி, சிற்றில் சிதைத்து, சிறுதேர் உருட்டும் பாட்டுடைத் தலைவனான பிள்ளை, தன் வாயால் ஒரு பாட்டும் பாடுவதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு பிசியையும் சேர்த்து எண்ணினார் என்பது எங்களுக்கு ஆறுதல். பிசி என்பது விடுகதை. குழந்தை முதலில் இயற்றும் இலக்கிய வகை அதுதான் என்று தோன்றுகிறது. "நாம குளிச்சா அது அழுக்காவும், அது என்ன?" என்று ஐந்து வயதுப் பையன் கேட்டபோது நாங்கள் நால்வரும் விழித்தோம். விடை தண்ணீர்.

அரசுப் பள்ளிகளில் மாற்றமில்லாமலும் இல்லை. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதே ஆண்டில் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று சிறார் இதழ்களைப் பள்ளிக்கல்வித் துறையே தொடங்கி, மாணவர்களின் படைப்புகளுக்கும் இடமளித்தது. 2023இல் வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்ற படிநிலைகளில் வந்தன. பெயர் வைத்தவர் வாழ்க. எங்கள் பின்னறையில் அவற்றைப் படித்துக் கிழித்துவிட்டார்கள். நூல் கிழிவது நல்ல அறிகுறி. ஒன்றிரண்டு வயது கூடியதும் பேச்சுப்போட்டி, கவிதைப்போட்டி என்று தொடங்கி, அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கிறதே, அதற்குத்தான் எந்த இயக்கமும் மருந்து காணவில்லை.

அந்தச் சிறுமிக்கு வருவோம். அவளுடைய தாயார் ஒருநாள் வந்து, "தப்பில்லாம எழுதச் சொல்லிக் குடுங்க, போதும்" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. மதிப்பெண்ணின் அருமை எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பிள்ளை எழுதிய தாளில் எவர் பேனாவும் படாது. வேறொரு நாள், வேறொரு தாளில், அதையே 'செய்தி வாசிக்கிறவங்க மாதிரி' சொல்லிப் பார்ப்பது ஒரு விளையாட்டு. 'எங்கள் மாட்டை விற்றுவிட்டார்கள்' என்று தொலைக்காட்சிக் குரலில் சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். இரண்டும் தமிழ்தான், ஒன்று வீட்டுக்கு, ஒன்று வெளியே போட்டுக்கொள்ள என்று அவர்களே புரிந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் நண்பரும் இதில் மட்டும் உடன்பட்டார். இரண்டாவது தாளைத் திருத்துவது அவர் பொறுப்பு.

சிறுமி அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. 'ஆத்தா' என்ற சொல் அச்சாகியிருந்த ஒரு சிறுகதைப் பக்கத்தைத் திறந்து காட்டினோம். வட்டார வழக்குக்கென்றே அகராதி தொகுத்த கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததெல்லாம் ஏழு வயதுக்கு எட்டாத சங்கதி. அந்த ஒரு சொல் எட்டியது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தாள். "புக்குலயே போட்டிருக்கா?" என்றாள். அதற்குப் பிறகும் ஐந்தாறு ஞாயிறு பூவும் பசுவுமாகவே போயின. இடையில் மழைக்காலம் வந்தது. ஒருநாள் நான்கு தாள்களை மடித்து நடுவில் தைத்துக் கொண்டுவந்தாள். ஒரு குடையின் கதை. காற்று பிடுங்கிக்கொண்டு போன குடை, விற்றுப்போன மாட்டைத் தேடிப் போகிறது. மாடு கிடைத்ததா என்று கதையில் இல்லை. கேட்டதற்கு, "குடைக்கு வழி தெரியாதுல்ல" என்றாள். அட்டையில் படம், அதன் கீழே பெரிதாக 'செவப்பு கொட'.

நூலகர் நல்லவர். பிள்ளைகளின் கையெழுத்து நூல்களுக்கென்று ஒரு தட்டும், தனியே ஒரு பதிவு நோட்டும் வைத்திருக்கிறார், இரவலும் தருகிறார். இதையும் பதிய எடுத்தவர் தலைப்பைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார். 'சிவப்புக் குடை' என்று எழுதட்டுமா என்றார். ஒற்று உட்பட. தலைமையாசிரியர் ஆமென்றார், மற்ற மூவரும் இல்லையென்றோம். அந்த வாக்குவாதம் முடிவதற்குள் நூலகர் தமக்குத் தெரிந்தபடி எழுதி முடித்துவிட்டார். நோட்டில் அது 'சிவப்புக் குடை'. தட்டில் 'செவப்பு கொட'. சென்ற மாதம்வரை ஆறுபேர் இரவல் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் தேடித் தடுமாறியதாகத் தெரியவில்லை.